கதையில் பெய்யாத பனி

ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன் 1816இல் வெளியிட்ட ‘கொட்டை உடைப்பானும் எலியரசனும்’ என்ற கிறிஸ்துமஸ் கதையில் ஒரு காடு வருகிறது. அந்தக் காட்டில் பனி கிடையாது. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே தங்கப் பழங்களும் வெள்ளிப் பழங்களும் வண்ணக் காம்புகளில் தொங்குகின்றன. அடிமரத்திலும் கிளைகளிலும் நாடாவும் பூச்செண்டும் கட்டியிருக்கின்றன. காற்று அசைந்தால் ஆரஞ்சு மணக்கிறது. 76 ஆண்டு கழித்து, 1892 டிசம்பரில், அன்றைய ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதே கதை பாலே நடனமாக மேடையேறியது. அப்போது இந்தக் காட்டின் இடத்தில் நின்றது நடுக்குளிர்காலத்து ஊசியிலைக் காடு. மேலிருந்து பனி கொட்டியது. வெள்ளை உடுத்த ஏறத்தாழ 60 பெண்கள் பனித்துகள்களாகச் சுழன்று ஆடினார்கள். ‘நட்கிராக்கர்’ என்றதும் இன்று உலகெங்கும் நினைவுக்கு வருவது இந்தப் பனிக்காடுதான். மூலக்கதையைத் திறந்து அதைத் தேடுகிறவர் ஏமாந்துதான் போவார்.

ஒரு கதை மேடைக்கு மாறும்போது ஆள் குறையும், பெயர் மாறும், முடிவுகூட மாறும். இங்கே மாறியது வானிலை. அது ஏன் மாறியது என்று பார்க்க, முதலில் ஹாஃப்மனின் வீட்டுக்குள் போக வேண்டும்.

கதை நடப்பது மருத்துவ அதிகாரி ஷ்டால்பௌமின் வீட்டில், டிசம்பர் 24 மாலை. அன்று பகல் முழுக்கக் குழந்தைகளுக்கு நடுக்கூடத்தில் நுழைய அனுமதியில்லை. விளக்குக் கொண்டுவராத பின்னறையில், இருட்டில், ஃப்ரிட்ஸும் அப்போதுதான் ஏழு வயது நிறைந்த மரீயும் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சலசலக்கிறது, தட்டும் சத்தம் கேட்கிறது. பிறகு மணி ஒலிக்கிறது, கதவு திறக்கிறது, வெளிச்சம் பாய்கிறது. கூடத்தின் நடுவே மரம். அதில் பொன்முலாமும் வெள்ளிமுலாமும் பூசிய ஆப்பிள்கள். மொட்டும் பூவுமாகச் சர்க்கரைப் பாதாம்களும் மிட்டாய்களும். கரிய கிளைகளுக்குள் நட்சத்திரம்போல நூறு சின்ன விளக்குகள். ஹாஃப்மன் இந்த மரத்தை நின்று நிதானமாக வருணிக்கிறார். அதற்குக் காரணம் உண்டு. அது பிற்பாடு தெரியும்.

மரத்தடியில் கிடைப்பது வாயால் கொட்டை உடைக்கும் மரப்பொம்மை. (தமிழ்நாட்டுப் பாக்குவெட்டியை நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படிக்கக் கூடாது. இது முழு உருவம் உள்ள சிப்பாய். கொட்டையைப் பல்லிடுக்கில் வைத்து முதுகிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் தாடை கடித்து நொறுக்கும்.) ஃப்ரிட்ஸ் மிகப் பெரிய கொட்டைகளாகப் பார்த்துக் கொடுத்துப் பொம்மையின் பல்லை உடைத்துவிடுகிறான். மரீ தன் உடையிலிருந்த நாடாவை எடுத்துக் கட்டுப்போடுகிறாள். நள்ளிரவில் ஏழு தலையும் ஏழு மகுடமுமாக எலியரசன் வருகிறான். பொம்மைகளுக்கும் எலிகளுக்கும் போர் நடக்கிறது. மரீ தன் இடது செருப்பைக் கழற்றி வீசுகிறாள். கண்ணாடி அலமாரியில் இடித்துக் கையில் காயம்பட்டுப் பல நாள் படுக்கையில் கிடக்கிறாள். படுக்கையருகே உட்கார்ந்து ஞானத்தந்தை ட்ரோசல்மையர் கதைக்குள் ஒரு கதை சொல்கிறார். கடைசியில் கொட்டை உடைப்பான் எலியரசனை வென்று, ஏழு மகுடங்களையும் மரீயிடம் கொடுத்து, தன் நாட்டைப் பார்க்க வரும்படி அழைக்கிறான்.

அந்த நாட்டுக்கு வழி, நடையில் நிற்கும் பழைய பெரிய துணி அலமாரிக்குள் இருக்கிறது. உள்ளே அப்பாவின் பயணக் கோட்டு, நரித்தோல் கோட்டு, தொங்குகிறது. பொம்மை அதன்மேல் தொற்றி ஏறி, முதுகில் தொங்கும் குஞ்சத்தைப் பிடித்து இழுக்கிறது. கோட்டின் கைக்குள்ளிருந்து தேவதாரு மரத்தால் செய்த சின்னஞ்சிறு ஏணிப்படி இறங்குகிறது. மரீ அதில் ஏறிக் கை வழியாகப் போய்க் கழுத்துப்பட்டை வழியாகத் தலையை நீட்டினால், கண்ணைப் பறிக்கும் ஒளி. காலடியில் கற்கண்டுப் புல்வெளி. பாதாமும் உலர்திராட்சையும் பதித்த வாயிலைக் கடந்தால் கிறிஸ்துமஸ் வனம். வனம் என்று பெயர் சொல்லிக் கொடுப்பவனும் கொட்டை உடைப்பானே. அதற்கும் அப்பால் ஆரஞ்சு ஓடை, எலுமிச்சை ஆறு, ரோஜா ஏரி, கடைசியில் மார்சிபன் கோட்டை.

கிறிஸ்துமஸ் வனத்தில் தொங்கும் பழங்களைக் கூர்ந்து பார்த்தால் அவை எங்கோ பார்த்த பழங்கள். கூடத்து மரத்தில் இருந்த அதே பொன், அதே வெள்ளி. அங்கே நூறு விளக்கு. இங்கே கிளைகளுக்குள் ஒளிரும் சிறுவிளக்குகள். காற்றில் சலசலப்பது இலையோடு ஜரிகைத் தாளும். வீட்டில் ஒற்றை மரமாக இருந்தது இங்கே பெருகிக் காடாகியிருக்கிறது. ஏழு வயதுக் குழந்தையின் கண் மட்டத்தில் நின்று கிளைகளுக்குள் பார்த்தால் மரம் காடாகத்தான் தெரியும். வெளியே இருக்கும் காட்டுக்கு ஹாஃப்மன் போகவேயில்லை. கோட்டின் கைக்குள் நுழைந்தவள், கூடத்து மரத்தின் உட்புறத்துக்கே வந்து சேர்கிறாள். ஆகவே அங்கே குளிர் இல்லை. அது அடுப்பு மூட்டிய வீட்டுக்குள் இருக்கும் காடு.

அந்தக் காட்டில் நடனமும் நடக்கிறது. வெள்ளைச் சர்க்கரையால் செய்ததுபோன்ற ஆட்டு இடையர்களும் இடைச்சிகளும் வேட்டைக்காரர்களும் வந்து, மரீயைப் பொன் நாற்காலியில் உட்காரவைத்து, ஆடிக் காட்டுகிறார்கள். ஆட்டம் சுமார்தான். கொட்டை உடைப்பானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான்: ஆடியவர்கள் கம்பியில் இயங்கும் பொம்மை பாலேயைச் சேர்ந்தவர்கள், எப்போதும் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு தெரியாது. உலகின் மிகப் புகழ்பெற்ற பாலேக்களில் ஒன்றுக்கு மூலமான கதை, பாலேயை இப்படிக் கிண்டல் செய்துவிட்டுப் போகிறது.

இதை எழுதியவர் பகலில் பெர்லின் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி. எர்ன்ஸ்ட் தியோடோர் ஹாஃப்மன் 1776இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர், இசையமைப்பாளரும்கூட. மோட்சார்ட்டின்மேல் இருந்த பற்றினால் தன் மூன்றாவது பெயரை எடுத்துவிட்டு ‘அமாதேயுஸ்’ என்று வைத்துக்கொண்டார். அவரது ‘உண்டீனே’ இசைநாடகம் அரங்கேறியதும் இதே 1816இல்தான். கதையின் மரீயும் ஃப்ரிட்ஸும் அவருடைய நண்பர் ஹிட்ஸிக்கின் குழந்தைகள். பெயரைக்கூட அவர் மாற்றவில்லை. வீட்டுக்குள் விளக்கேற்றிய மரம் வைப்பது அன்றைய பெர்லினில் வசதியுள்ள நடுத்தரக் குடும்பங்களில் பரவிக்கொண்டிருந்த வழக்கம். ஷ்டால்பௌம் வீட்டு மரம், இலக்கியத்தில் அதன் தொடக்ககாலச் சித்திரங்களில் ஒன்று. இது குழந்தைக்கான கதைதானா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1819இல் ‘செராப்பியோன் சகோதரர்கள்’ தொகுப்பில் கதையை மறுபடி சேர்த்தபோது, அதைக் கேட்கும் நண்பர்களின் வாயிலேயே அந்த ஆட்சேபத்தைப் போட்டு ஹாஃப்மன் விவாதமாக்கினார்.

கதை ஜெர்மனியிலிருந்து நேரே ரஷ்ய மேடைக்குப் போகவில்லை. நடுவில் பாரிஸ் இருக்கிறது. அலெக்சாந்தர் தூமா 1844இல் இதைப் பிரெஞ்சில் தன் போக்கில் திருப்பிச் சொன்னார். விருந்துக்குப் போன இடத்தில் நாற்காலியில் தூங்கிவிட்ட அவரைக் குழந்தைகள் கயிற்றால் கட்டிப்போட்டு, கதை சொன்னால்தான் அவிழ்ப்போம் என்கிறார்கள். அப்படித் தொடங்குகிறது அவர் கதை. கதை நடக்கும் ஊர் நூரென்பெர்க் ஆகிவிட்டது. ஷ்டால்பௌம் குடும்பம் சில்பர்ஹவுஸ் குடும்பம் ஆனது. ஜெர்மன் வழக்கமான மரத்தைப் பிரெஞ்சு வாசகருக்கு விளக்கவும் வேண்டியிருந்தது. ஹாஃப்மனிடம் இருந்த கரிய பக்கங்கள், எது கனவு எது நனவு என்று தெரியாத பயம், இங்கே வெளுத்துப்போயின. இனிப்பு நாட்டுப் பயணம் அப்படியே இருந்தது. ரஷ்யர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். 1892 நிகழ்ச்சியில் குடும்பப் பெயர் சில்பர்ஹவுஸ் என்று இருப்பதே சாட்சி. மூலத்தில் மரீயின் பொம்மைக்கு இருந்த கிளாரா என்ற பெயர், பாலேயில் சிறுமிக்கே போய்விட்டது.

ரஷ்யப் பேரரசின் அரங்குகளுக்கு அப்போது இயக்குநர் இவான் விசெவலோஷ்ஸ்கி. பிரெஞ்சு மாயக்காட்சி நாடகங்களில் ஆசை கொண்டவர். உடை வடிவங்களைத் தானே வரைகிறவர். ‘தூங்கும் அழகி’ 1890இல் வெற்றி பெற்ற தெம்பில், அதே கூட்டணியிடம் அடுத்த வேலையைக் கொடுத்தார்: காட்சித் திட்டம் மரியுஸ் பெத்திபா, இசை சாய்கோவ்ஸ்கி. ஒரே இரவில் ‘இயோலாந்தா’ என்ற ஓரங்க இசைநாடகமும் அதையடுத்து இந்த பாலேயும். சாய்கோவ்ஸ்கிக்குக் கதை முதலில் பிடிக்கவில்லை. பெத்திபா அவருக்கு எழுதிக்கொடுத்த குறிப்பு தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோல இருக்கும்: இந்த இடத்தில் இத்தனை தாளக்கட்டு, இன்ன வேகம், இன்ன உணர்ச்சி. மரம் பிரம்மாண்டமாக வளரும் இடத்துக்கு 48 தாளக்கட்டு, வரவர ஏறும் இசை என்று கேட்டிருக்கிறார்.

மரம் வளர்வது ஹாஃப்மனிடம் இல்லை. அது பாலேக்காரர்கள் கண்டுபிடித்தது. அதைக் கண்டுபிடித்தவுடன் பனிக்காட்டுக்குப் பாதி வழி வந்துவிட்டார்கள். மேடைச் சிக்கல் என்னவென்றால், கோட்டுக் கைக்குள் ஏணி வைத்து ஏறுவதைப் பெரிய அரங்கில் காட்ட முடியாது. ஏட்டில் ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியம், மேடையில் மேல்மாடத்துக் கடைசி வரிசைக்காரருக்கு எட்டாது. ஆனாலும் வீட்டிலிருந்து இனிப்பு நாட்டுக்கு எப்படியாவது போயாக வேண்டும். இரண்டாவது சிக்கல் நடனம் பற்றியது. முதல் அங்கம் முழுக்க விருந்து, விளையாட்டு, எலிச் சண்டை. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் நடனப்பள்ளிப் பிள்ளைகள். கிளாராவாக ஆடிய ஸ்தானிஸ்லாவா பெலின்ஸ்காயாவும் பள்ளி மாணவிதான். பாலே பார்க்கக் காசு கொடுத்து வந்தவருக்குத் திரை விழுவதற்குமுன் முனைக்காலில் நிற்கும் பெண்கள் கூட்டமாக ஆடுவதைக் காட்டியே தீர வேண்டும். இரண்டு சிக்கலுக்கும் ஒரே விடையாக வந்தது காடு. கூடத்து மரம் வளர்கிறது, சுவர்கள் விலகுகின்றன, மரத்தைச் சுற்றி மரங்கள் முளைக்கின்றன.

அப்போதும் பெத்திபாவின் திட்டத்தில் கிறிஸ்துமஸ் மரம் காட்டுக்கு நடுவே இருந்தது. தீவட்டி பிடித்த குள்ளர்கள் அதைச் சுற்றி நின்று, இளவரசனாக மாறிய கொட்டை உடைப்பானையும் கிளாராவையும் வரவேற்கும்படி அமைத்திருந்தார். இந்தக் குள்ளர்களைப் பிற்காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கழற்றிவிட்டன. குள்ளர் போனதோடு, வீட்டு மரத்துக்கும் காட்டு மரத்துக்கும் இருந்த கண்கூடான உறவும் போயிற்று.

பனி ஏன் என்பதற்கு விடை எளிது. பெத்திபாவுக்கு அது பழகிய சரக்கு. 1879இல் மின்குஸின் இசைக்கு ‘பனிகளின் மகள்’ என்ற பாலேயை அவரே அமைத்திருந்தார். அதற்கும் முன்னால், 1875இல், பாரிஸில் ஓஃபென்பாக்கின் ‘நிலவுப் பயணம்’ இசைநாடகத்தில் பனித்துகள் நடனம் பெயர்பெற்றிருந்தது. வெண்ணிற மெல்லுடை, கூட்டமாகச் சுழலும் பெண்கள், மங்கிய நீல விளக்கு: முந்தைய பாலேக்களில் காட்டில் ஆவிகளாக உலவிய பெண்களைப் பனித்துகளாக மாற்ற அந்த நூற்றாண்டின் பாலேக்குப் பெரிய சிரமம் ஏதுமில்லை. பீட்டர்ஸ்பர்க்கின் டிசம்பரும் சேர்ந்துகொண்டது. பார்வையாளர்கள் சறுக்குவண்டியில் வந்து கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர்கள். ஹாஃப்மன் அலமாரியில் தொங்கவிட்ட கோட்டு, இங்கே அரங்கின் வாசலிலேயே கழன்றுவிட்டது.

எந்த மரம் என்பதில் ஒரு சிறு குழப்பம் உண்டு. பெத்திபாவின் பிரெஞ்சுக் குறிப்பில் இருப்பது ‘சப்பேன்’, அதாவது ஃபிர், ஸ்ப்ரூஸ் வகை. ரஷ்யாவின் ‘யோல்கா’வும் அதுவே, குட்டையான ஊசி, கீழ்நோக்கிச் சரிந்த கிளை, கூம்பு வடிவம், பனி கனத்தால் கிளை தாழ்ந்து தானே உதறிக்கொள்ளும். ஆங்கில நிகழ்ச்சி நிரல்களில் அது பலகாலம் ‘பைன் காடு’ என்றே அச்சாகிவந்தது. அடிமரம் நெடிதாக வெறுமையாக நின்று உச்சியில் மட்டும் குடைவிரிக்கும் பைன், கிறிஸ்துமஸ் மரத்தின் சாயலில் இல்லாதது. தமிழில் எழுதுவோருக்குச் சிக்கல் மரத்தைவிடப் பனியில்தான். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவத்தையே வைத்திருக்கும் மொழியில் பனி என்றால் விடிகாலைப் புல்லில் இருக்கும் ஈரம், தை மாதத்து மூட்டம். வானிலிருந்து பஞ்சாக விழுந்து முழங்கால் அளவு கிடப்பதற்கும் அதே சொல்லைத்தான் நீட்ட வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையை நட்டு அதன்மேல் பஞ்சு பிய்த்துப் போடும் வீடுகளில், குழந்தைகள் பனியைக் கையால் தொட்டுப் பார்ப்பது அந்தப் பஞ்சில்தான்.

சாய்கோவ்ஸ்கியின் இசையில் காடு இரண்டு பகுதியாக வருகிறது. எட்டாவது உருப்படி, குளிர்காலத்து ஊசியிலைக் காடு. ஹார்ப் அலையலையாக எழ, தந்திவாத்தியங்கள் அகன்ற மெட்டொன்றைப் பிடித்து மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகின்றன. இதில் நடனத்துக்கென்று எதுவும் குறிக்கப்படவில்லை. காட்சி மாறுவதற்கும் பொம்மை இளவரசன் ஆவதற்கும் கிளாரா சுற்றிப் பார்ப்பதற்கும் உள்ள நேரம் அது. இவ்வளவு பெரிய இசையை நடனமில்லாமல் விடுவதா என்று பிற்காலத்து நடன அமைப்பாளர் பலர் இதில் இருவர் நடனம் ஒன்றைச் செருகிவிட்டார்கள். செருகியதில் பாதிக்குமேல் தேவையற்றது. அந்த இசை நிற்பவருக்கான இசை.

ஒன்பதாவது உருப்படிதான் பனித்துகள் வால்ட்ஸ். மூன்றெண்ணும் தாளத்தில் ஒன்றில் அழுத்தம் விழ வேண்டிய வால்ட்ஸை இவர் உடைத்துவைத்திருக்கிறார். புல்லாங்குழல்கள் துண்டு துண்டாக ஊதும் சொற்கட்டு, தாளக்கட்டின் எல்லையைத் தாண்டி விழுகிறது. கேட்கிறவருக்கு எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. பனி விழுவதற்கும் இதே குணம்தான்: கீழேதான் வருகிறது, ஆனால் நேராக வருவதில்லை. நடுவில் மேடைக்குப் பின்னாலிருந்து குழந்தைகள் அல்லது பெண்களின் குரல் சேர்கிறது. 24 குரல்கள்; சொல் இல்லை, உயிரெழுத்து மட்டும். முழுநீள பாலேயில் வாய்ப்பாட்டு வருவது அரிது. இங்கே அது வருகிற நேரம், பார்வையாளர்கள் அதுவரை கண்ணால் கண்ட குழந்தைகளெல்லாம் மேடையிலிருந்து மறைந்துவிட்ட நேரம்.

பெத்திபாவின் குறிப்பில் இந்தப் பனி சாதுவானதல்ல. மெல்லத் தொடங்கி, காற்று வீசி, புயலாகி, துகள்கள் திரண்டு குவியலாகி, மறுபடி காற்றடித்துச் சிதறி வட்டமிட வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். ஆனால் 1892 ஒத்திகைக் காலத்தில் அவர் நோயில் விழுந்தார். நடனத்தை அமைத்தவர் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த லெவ் இவானோவ். சத்தமில்லாத மனிதர், வாழ்நாள் முழுக்கப் பெத்திபாவின் நிழலில் இருந்தவர், மூன்றாண்டுக்குள் ‘அன்னப்பறவை ஏரி’யின் ஏரிக்கரைக் காட்சிகளை அமைக்கப்போகிறவர். அவரது பனித்துகள் பெண்கள் வெள்ளை உடையில் பஞ்சு உருண்டைகள் தைத்து, தலையிலும் கையில் பிடித்த கோலிலும் கம்பி நுனியில் நடுங்கும் உருண்டைகளோடு வந்தார்கள். ஓடினால் உடம்பு ஒரு திசையில் போக, உருண்டைகள் அரைநொடி பின்தங்கி ஆடும். கூட்டம் நட்சத்திரமாகக் கூடி, கலைந்து, வட்டமாகி, கடைசியில் குவியலாகத் திரண்டது. மேல்மாடத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் அந்தக் கோலம் முழுதாகத் தெரிந்திருக்கும்.

1892 டிசம்பர் 18, பழைய ரஷ்ய நாட்காட்டியில் டிசம்பர் 6, மரீன்ஸ்கி அரங்கில் திரை எழுந்தது. ரிக்கார்டோ ட்ரிகோ இசைக்குழுவை நடத்தினார். விமர்சனம் மோசம். மேடையெங்கும் குழந்தைகள், எலிச் சண்டையில் ஒரே குழப்பம், பெரிய நடனக்காரி அந்தோனியெத்தா தெல்லேரா கண்ணில் படவே இரண்டாம் அங்கத்தின் கடைசி வரை காத்திருக்க வேண்டும் என்று குறை சொன்னார்கள். கண்டித்தவர்களும் பனித்துகள் நடனத்தைப் பாராட்டினார்கள். சாய்கோவ்ஸ்கி அடுத்த நவம்பரில் இறந்துபோனார். இந்த பாலேயின் பிற்காலச் செல்வாக்கைக் காண அவர் இல்லை.

மேடைப் பனி எப்படிப் பெய்கிறது என்பது சொல்லத் தக்கது. மேடையின் குறுக்கே, விளக்குகளுக்கும் மேலே, இரண்டு கழிகளுக்கு நடுவில் நீளத் துணியொன்று தொட்டில்போலத் தொங்கும். அதன் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கீறல்கள் உண்டு. தொட்டிலில் காகிதத் துண்டுகளை நிரப்பி, பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் கயிற்றை இழுத்து ஆட்டுவார். மெல்ல ஆட்டினால் தூறல், வேகமாக ஆட்டினால் புயல். இசை ஏறும்போது கயிற்றுக்காரரும் ஏற்ற வேண்டும். அவரும் ஒருவகையில் வாத்தியக்காரரே. கீழே ஆடுகிறவர்களுக்கு இது தொல்லை. காகிதம் இமையில் ஒட்டும், மூச்சு வாங்கும்போது வாய்க்குள் போகும், காலடியில் வழுக்கும். நியூயார்க் சிட்டி பாலே ஒரு காட்சிக்கு ஏறத்தாழ 50 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்கு மேல், தீப்பிடிக்காத காகிதத்தைக் கொட்டுகிறது. திரை விழுந்ததும் பெருக்கி எடுத்து மறுநாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

ரஷ்யாவுக்கு வெளியே பனிக்காடு தாமதமாகத்தான் வந்தது. அதற்கு சாய்கோவ்ஸ்கியே ஒரு காரணம். பாலே அரங்கேறுவதற்கு முன்பே, 1892 மார்ச்சில், அதிலிருந்து எட்டு உருப்படிகளைத் தொகுத்துக் கச்சேரியில் வாசிக்கச் செய்தார். உலகம் முதலில் கேட்டது அந்த எட்டைத்தான். அதில் பனித்துகள் வால்ட்ஸ் இல்லை. 1940இல் வால்ட் டிஸ்னி ‘ஃபான்டேசியா’ படத்தில் இந்தத் தொகுப்பை அசைவூட்டப் படமாக்கியபோது கிறிஸ்துமஸும் இல்லை, பொம்மையும் இல்லை. பருவங்கள் மாறிக் குளிர்காலத்தில் முடியும் இயற்கை மட்டும் இருந்தது. இறுதியில் உறைபனித் தேவதைகள் குளத்தின்மேல் சறுக்க, பனித்துகள்கள் சுழன்று இறங்கின. அதற்குக் கிடைத்த இசை ‘பூக்களின் வால்ட்ஸ்’. பூவுக்கு எழுதிய இசையில் பனி பெய்தது. பார்த்தவர் யாருக்கும் உறுத்தவில்லை.

முழு பாலே 1934இல் லண்டனுக்கு வந்தது. மரீன்ஸ்கியின் நடனக் குறியீட்டு ஏடுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேறிய நிக்கொலாய் செர்கேயெவ் அதை அங்கே அமைத்தார். அமெரிக்காவில் முதல் முழுவடிவம் 1944 கிறிஸ்துமஸுக்கு முதல்நாள், சான் ஃபிரான்சிஸ்கோவில். ஆனால் அமெரிக்கர்களின் வருடாந்தர வழக்கமாக அது ஊன்றியது, ஜார்ஜ் பாலன்ஷின் 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில் அமைத்த வடிவத்துக்குப் பிறகுதான். பாலன்ஷின் சிறுவனாக மரீன்ஸ்கியில் இதே பாலேயில் ஆடியவர். அவரது மரம் இப்போது 12 அடியிலிருந்து 41 அடிக்கு வளர்கிறது. எடை ஒரு டன். காட்டுக்குப் போகும் வழிக்கு அவர் கண்ட உபாயம் கட்டில். தூங்கும் சிறுமியோடு கட்டில் தானாக நகர்ந்து, மேடையைச் சுற்றி வந்து, பனியில் போய் நிற்கிறது. அங்கே 60 பேர் இல்லை, 16 பேர். அந்தப் பதினாறு பேர் பக்கத்திரையிலிருந்து ஓடிவந்து குறுக்கே வெட்டிப் போகும் வேகத்தில் கூட்டம் இருமடங்காகத் தெரியும்.

மாஸ்கோவில் 1966இல் யூரி கிரிகரோவிச் செய்தது வேறு. அவருடைய சிறுமியும் இளவரசனும் கிறிஸ்துமஸ் மரத்துக்குள்ளேயே பயணம் போகிறார்கள். அடிக்கிளையிலிருந்து உச்சி நட்சத்திரத்தை நோக்கி ஏறுகிறார்கள். பனி பெய்கிறது, ஆனால் காடு மறுபடி மரத்துக்குள் வந்துவிட்டது. மேடை வடிவங்களில் ஹாஃப்மனுக்கு மிக நெருக்கமானது இதுவே.

பிறகு வந்தவர்கள் பனியோடு விளையாடத் தொடங்கினார்கள். மார்க் மோரிஸ் 1991இல் பிரஸல்ஸில் அமைத்த ‘கடினமான கொட்டை’யில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி விரிபாவாடை அணிந்து, கைப்பிடியில் காகிதப் பனியை வைத்துக்கொண்டு, தாளத்துக்குத் தாளம் வீசியெறிகிறார்கள். மேலிருந்து தொட்டிலாட்டும் ஆளின் வேலையை ஆடுகிறவரே எடுத்துக்கொண்ட நகைச்சுவை; அதே நேரம் இசையின் உடைந்த தாளம் அந்த வீச்சில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மேத்யூ பூர்ன் 1992இல் எடின்பரோவில் காட்டைக் கழற்றிவிட்டு உறைந்த ஏரியைக் கொண்டுவந்தார். அநாதை விடுதியிலிருந்து தப்பிய கிளாரா அங்கே சறுக்குகிறாள். அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக அலெக்சேய் ரத்மான்ஸ்கி 2010இல் புரூக்ளினில் அமைத்த வடிவத்தில், விளையாட்டாகத் தொடங்கும் பனி மெல்ல மெல்லப் பிள்ளைகளை வளைத்துக்கொண்டு குளிரில் வாட்டுகிறது. பெத்திபா எழுதிவைத்த புயல், இவானோவின் அழகிய கோலங்களுக்கு அடியில் நூறாண்டுக்குமேல் கிடந்தது, இங்கே வெளியே வருகிறது. இரவு உடையோடு வெறும் பனியில் நிற்கும் குழந்தைக்குக் குளிராதா என்ற கேள்வியை இந்த வடிவம் நேராக எடுத்துக்கொள்கிறது. மற்றவர்கள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

அலமாரியும் அதில் தொங்கும் ரோமக் கோட்டும் இன்னொரு வழியாகப் பனிக்காட்டைச் சேர்ந்தன. சி. எஸ். லூயிஸ் 1950இல் எழுதிய முதல் நார்னியா கதையில் லூசி அலமாரிக்குள் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போகிறாள். காலடியில் ஏதோ நறநறக்கிறது. முகத்தில் உரசுவது கோட்டின் ரோமமா, மரக்கிளையா என்று தெரியவில்லை. விளக்குக் கம்பத்தோடு பனிக்காடு. எப்போதும் குளிர்காலமாகவே இருக்கும், ஆனால் கிறிஸ்துமஸ் வராத நாடு அது. ஹாஃப்மனின் கோட்டு நேரே பொன் காட்டுக்குக் கொண்டுபோனது. லூயிஸின் கோட்டு, குழந்தைகள் எடுத்து மாட்டிக்கொள்ளும் கோட்டு. குளிர் உண்மையென்றால் கோட்டும் உண்மையாக வேண்டுமல்லவா.

டிஸ்னி நிறுவனம் 2018இல் எடுத்த ‘நட்கிராக்கரும் நான்கு ராஜ்ஜியங்களும்’ படத்தில் கோட்டும் இல்லை, வளரும் மரமும் இல்லை. ஞானத்தந்தையின் மாளிகையில் பரிசுக்கு வழிகாட்டக் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டு கிளாரா இருண்ட நடைவழியொன்றில் நடக்கிறாள். சுவர் மரப்பட்டையாக மாறுகிறது. அடிமரப் பொந்து வழியே வெளியே வருகிறாள். எதிரே பனி மூடிய கிறிஸ்துமஸ் மரங்களின் காடு, பனி பெய்துகொண்டிருக்கிறது. அவள் தேடிவந்த சாவி கிளையொன்றில் தொங்குகிறது. கையை நீட்டி எட்டுவதற்குள் ஓர் எலி அதைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறது.